மணிப் புளுகு

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இதை வாசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் நீங்கள்; உங்களுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதென்றால் எனக்கு மட்டும் வராமலா இருக்கும்? ஆனால் போன மாதம் இந்த வெள்ளெழுத்துக் கண்களை வைத்துக்கொண்டே நான் ஒரு காரியம் செய்து முடித்தேன். அதை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செமிக்காது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தவளின் தற்பெருமை கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் ‘மணிப் புளுகு’ என்று ஒரு சொல் உண்டு. எந்த அகராதியிலும் தேட வேண்டாம், கிடைக்காது. நேற்றைய மீனை இன்று காலையில் பட்டது என்று மீன்காரர் சொன்னால் அம்மா அதை மணிப் புளுகு என்பார். தம்பி பள்ளிக்கூடச் சோதனை லேசு என்று சொல்லிக்கொண்டு வந்தால் அதுவும் மணிப் புளுகு. என் கல்யாண வீட்டில் பெரியம்மா மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அந்தச் சொல் பிறந்த கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நான் மணவறையில் இருந்தேன். அங்கிருந்து எழும்பிச் சண்டைக்குப் போனால் அதுவும் இன்னொரு சொல்லாகிவிடும் என்ற பயத்தில் குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். அடக்கமான பெண் என்று என் மாமியார் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சொல்லைப் பெற்றெடுத்தவள் நான். நான் சொன்ன ஒரு விஷயத்தை எவரும் நம்பாததால் பிறந்த சொல் அது.

சண்டை ஓய்ந்திருந்த காலம். சமாதானம் என்ற சொல்லை எல்லோரும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம், உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுக்குப் போன சொந்தங்கள் எல்லாம் பெரிய பெரிய பெட்டிகளோடு ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து இறங்கினார்கள். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வீதித் தூசி முழுக்கப் பல்லுக்குள் வந்துவிடும். உடுப்புக் காயப்போட்டால் அரை மணித்தியாலத்தில் அப்பளம்போல மொறுமொறுவென்று இருக்கும். எங்கள் வீடு இறங்குதுறைக்குப் போகிற வீதியில். அப்பா அங்கிருந்து குடாவின் அக்கரையிலுள்ள மூதூருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு லோஞ்சுப் படகு ஓட்டினார். அவர் வீட்டுக்கு வருமுன்பே டீசல் மணம் படலையைத் தாண்டி வந்துவிடும். சில நாட்களில் மூதூர்ச் சட்டித் தயிரும் கூட வரும்.

அந்த ஓகஸ்டில்தான் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, தன் மகனோடு கனடாவிலிருந்து வந்தார். மகனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதினான்கு. நாங்கள் அவரைக் கனடா அண்ணா என்றோம். அவருடைய தமிழ் குசினிக்குள் நன்றாக ஓடும், சாப்பாட்டுப் பெயர் ஒன்றும் தப்பாது. குசினியை விட்டு வெளியே வந்தால் தடுமாறும். அவருடைய பயணப் பைக்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. இரண்டு சவர்க்காரக் கட்டிகளைச் சேர்த்து வைத்த அளவு. நடுவில் சின்னத் திரை, கீழே நாலைந்து பொத்தான்கள். நாங்கள் அதைக் கேம் பெட்டி என்றோம்.

உள்ளே இருந்தது ஒரு கள்ளனின் விளையாட்டு. காவல்காரர் கண்ணில் படாமல் கோட்டைக்குள்ளும் மாளிகைக்குள்ளும் பதுங்கிப் போய், சொன்ன சாமானை எடுத்துக்கொண்டு வர வேண்டும். சண்டை பிடிக்க ஏலாது, கள்ளனிடம் கத்தியும் இல்லை. திரையின் மூலையில் ஒரு கண் இருக்கும். அது மூடியிருந்தால் உங்களை ஒருவரும் காணவில்லை. பாதி திறந்தால் ஒரு காவல்காரனுக்குச் சந்தேகம். முழுக்கத் திறந்தால் எங்கேயோ ஒரு மணி படபடவென்று அடிக்கும், எல்லாக் காவல்காரரும் ஓடி வருவார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கள்ளனுக்குப் பெரிய குடும்பமே இருந்ததாம். ரி.வி.யில் பூட்டி விளையாடுகிற பெரிய விளையாட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக வந்து பேர் எடுத்தவை. கனடா அண்ணா எல்லாவற்றையும் முடித்தவர். கையில் பிடித்து விளையாடுகிற இது மட்டும் ஒருவரும் கணக்கில் சேர்க்காத கடைக்குட்டி. கள்ளன் எறும்பு அளவுதான் இருந்தான். காவல்காரருக்கு முகம்கூட இல்லை. அண்ணாவின் கூட்டாளிகள் ஒருவரும் இதைத் தொட்டதில்லை. பிளேனில் பிள்ளைக்கு அலுக்கும் என்று, கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த கூடைக்குள்ளிருந்து பெரியம்மா பொறுக்கி எடுத்துக் கொடுத்தாராம். குப்பை என்ற சொல் குசினிக்குள் புழங்குவதால் அண்ணாவுக்குத் தெரிந்திருந்தது. இந்த விளையாட்டுக்கு அதைத் தாராளமாகப் பாவித்தார்.

எனக்கு அது குப்பையாகப் படவில்லை. அதற்கு முன் நான் ஒரு கேமும் கண்டதில்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், அதன் சத்தங்கள். காவல்காரனுக்கு முகம் கீற இடமில்லாததாலோ என்னவோ, செய்தவர்கள் அவனுக்கு நடையைக் கொடுத்திருந்தார்கள். மணலில் நடந்தால் ஒரு சத்தம், பலகையில் நடந்தால் ஒரு சத்தம். நின்று திரும்பும்போது காலைத் தேய்ப்பான். கண்ணை மூடிக்கொண்டே அவன் எங்கே நிற்கிறான் என்று என்னால் சொல்ல முடிந்தது.

ஒரே ஒரு சிக்கல். அந்தத் திரைக்கு உள்ளே வெளிச்சம் இல்லை. வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் வெறும் பச்சை. விறாந்தையிலும் சரிவராது. நல்ல வெயில் நேராக விழ வேண்டும். இருட்டில் பதுங்கிப் போகிற கள்ளனை உச்சி வெயிலில் நின்றுதான் நடத்த வேண்டியிருந்தது. மூன்று கிழமை நாங்கள் இருவரும் முற்றத்தில் காய்ந்தோம். பெரியம்மா மகன் கறுத்துப் போகிறான் என்று கவலைப்பட்டார். நான் கறுத்ததைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை, அதற்குமேல் கறுக்க இடமில்லை என்று நினைத்திருப்பார்கள்.

மாறி மாறி விளையாடிக் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம். கடைசிக் கட்டம் என்ன தெரியுமா? ஒரு துறைமுகம். எனக்குச் சிரிப்பு வந்தது. நீளமான மரப் பாலம் ஒன்று கடலுக்குள் போகும், அதன் முனையில் கப்பல், கப்பலுக்குள் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை எடுக்க வேண்டும். பாலத்தில் ஒளிக்க ஒரு மூட்டைகூட இல்லை. கையில் விளக்கோடு ஒரேயொரு காவல்காரன் அங்குமிங்கும் நடந்துகொண்டேயிருப்பான். புகைக்குண்டு எறிந்தால் அவன் கண்ணை மறைக்கலாம்; ஆனால் இருந்த புகைக்குண்டுகளை எல்லாம் அண்ணா முன்னைய கட்டங்களிலேயே எறிந்து தீர்த்துவிட்டார். மிச்சம் ஒன்றுமில்லை.

விளக்கு வெளிச்சம் கள்ளனில் படும், கண் பாதி திறக்கும், அண்ணா ஓடுவார், மணி அடிக்கும். திரும்பவும் தொடங்கி வேகமாக ஓடுவார், வேகமாக மணி அடிக்கும். கடைசியில் கேமைச் செய்தவர்களில் பிழை என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நான் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அண்ணாவுக்குப் பழமொழி விளங்கவில்லை, அம்மா விளக்கம் சொல்லிக் கொடுத்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் போறதுக்கு முன்னம் நீ முடிச்சுக் காட்டு. இது உனக்குத்தான்” என்றார்.

வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அப்பாவும் கேட்டார்.

இனி இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கும் இறங்குதுறைக்கும் இடையில், சந்தியில், ஒரு சென்றி இருந்தது. உங்களில் பாதிப் பேர் அந்தச் சென்றியைத் தாண்டித்தான் ரியூசனுக்குப் போனீர்கள். மணல் மூட்டை, தகரம், அதற்குப் பின்னால் துவக்கோடு ஒரு ஆமிக்காரர். சமாதானம் வந்தும் அது அங்கேயேதான் இருந்தது. பாலர் வகுப்பில் அகரம் படிக்குமுன்பே நமக்கெல்லாம் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டல்லவா: சென்றிக்கு முன்னால் ஓடக்கூடாது. மழை வந்தாலும் ஓடக்கூடாது, நாய் துரத்தினாலும் ஓடக்கூடாது. ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு எளிது. கூப்பிட்டால் நில். கையை அசைக்காதே. அவன் பார்த்து முடிக்கட்டும். பிறகு நட.

ஒருநாள் எல்லோரும் மூதூருக்குப் போவதற்காக இறங்குதுறைக்கு நடந்தோம். லோஞ்சில் வேலைக்கு நின்ற பொடியன் ஹோர்ன் அடித்தான். அது அப்பாவின் லோஞ்சு, அவர் பக்கத்திலேயே நடந்து வருகிறார், அவரில்லாமல் அது போகாது. ஆனால் கனடா அண்ணாவுக்குக் காதில் விழுந்தது ஹோர்ன் மட்டும்தான். சந்தியில் வைத்து ஓடத் தொடங்கினார். வீதியில் நின்ற அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தயிர்ச்சட்டி தூக்கி வந்தவர் சட்டியோடு நின்றார். ஆமிக்காரர் சத்தம் போட்டுத் துவக்கை நிமிர்த்தினார். அப்பா ஓடவில்லை, கைகள் இரண்டையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பிள்ளை வெளிநாடு என்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஆமிக்காரரே சிரித்துவிட்டார். அண்ணா சிரிக்கவில்லை. அவருடைய காற்சட்டைக் கால் நடுங்குவதை நான் கண்டேன், நான் கண்டதை அவரும் கண்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு சேர்ந்து விளையாட வரவில்லை, கேம் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அவர்கள் போவதற்கு முதல் நாள் மத்தியானம் அம்மா அப்பாவுக்குச் சாப்பாட்டைக் கட்டி என் கையில் தந்தார். கேம் பெட்டியையும் அதோடு வந்த சின்னப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். லோஞ்சு இன்னும் வரவில்லை. கயிறு கட்டுகிற இரும்புக் குற்றி ஒன்றில் இருந்தேன். அது சுட்டது, புத்தகப் பையைக் கீழே போட்டு அதன் மேல் இருந்தேன், அதனால் புத்தகத்தை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரு காகத்தையும் ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு மூன்றையும் தவிர அங்கே ஒருவரும் இல்லை. வெயில் நேராகத் திரையில் விழுந்தது.

பாலத்தில் கள்ளனை நடத்தினேன். பாதி தூரம். காவல்காரன் காலைத் தேய்த்துத் திரும்பினான். விளக்கு என் கள்ளனின் மேல் விழுந்தது, கண் பாதி திறந்தது.

என் விரல் தானாகவே பொத்தானிலிருந்து எழும்பிவிட்டது.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால்தான் அது மணிப் புளுகு. யோசிக்கவில்லை. விளக்கு மேலே விழுந்தால் அசையக்கூடாது, அவ்வளவுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. காவல்காரன் வந்தான். பலகைச் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று. என் கள்ளனுக்குக் கிட்ட வந்து நின்றான். நான் மூச்சுக்கூட விடவில்லை, கள்ளன்தான் நிற்கிறான், நான் ஏன் மூச்சைப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள். பிறகு அந்த முகமில்லாத காவல்காரன் காலைத் தேய்த்துத் திரும்பி நடந்தான். கண் மூடியது.

உலகத்தில் இந்த விளையாட்டை வாங்கிய எல்லோரும் அந்த இடத்தில் ஓடியிருப்பார்கள். ஓடத்தான் பொத்தான் இருக்கிறது. ஓடாமல் நிற்பது ஒரு வழி என்று நினைக்க, எங்கள் சந்தியில் வளர்ந்திருக்க வேண்டும்.

அவன் முதுகு காட்டினால் நடந்தேன், திரும்பினால் நின்றேன். கப்பல் வந்தது. பெட்டியை எடுத்தேன். கள்ளன் சின்னத் தோணியில் ஏறிப் போனான், திரை நிறையக் கடல். நடுக்கடலில் வைத்துப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு மணி இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் நம்மைக் காட்டிக் கொடுத்த அதே மணி. கள்ளன் களவெடுத்து வந்தது அதைத்தான், இனி ஒருவருக்காகவும் அது அடிக்காது. கையில் தூக்கி ஒருமுறை ஆட்டினான். டாங் என்று மெதுவாக ஒரு சத்தம் வந்தது, நல்ல சத்தம். இரண்டாம் முறை ஆட்டும்போது பற்றரி முடிந்து திரை வெளிறிப் போனது.

நிமிர்ந்து பார்த்தேன். மான் ஒன்று அந்தச் சின்னப் புத்தகத்தின் கடைசி ஒற்றைத் தாளை மென்றுகொண்டிருந்தது.

வாழ்க்கையில் அன்றைக்குப்போல ஓட வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் வழியில் சென்றி. நடந்தேன். சந்தோசத்தை நடந்தே வீடுவரை கொண்டு போனேன்.

வீட்டில் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். நானும் சாப்பிட இருந்து, முடித்துவிட்டேன் என்று சொன்னேன். பற்றரி செத்ததால் காட்ட ஏலாது என்றும் சொன்னேன். அண்ணா புகைக்குண்டு ஒன்றும் இல்லாமல் எப்படி என்று கேட்டார். நின்றேன் என்றேன். சிரித்தார். முடிவில் என்ன வருகிறது என்று கேட்டார். மணி என்றேன்.

“மணியை ஆரும் களவெடுப்பாங்களா?” என்று அவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு புத்தகம் எங்கே என்று பெரியம்மா கேட்டார். மான் தின்றுவிட்டது என்றேன்.

நம் ஊரில் மான் கொப்பி தின்னும், சுவரில் ஒட்டிய நோட்டீஸ் தின்னும், கல்யாணக் கார்ட் தின்னும். இது நமக்குப் புதினமில்லை. ஆனால் பெரியம்மா ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருடம். பாடக் கொப்பியை நாய் தின்றுவிட்டது என்று சாட்டுச் சொல்லும் பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. மானையும் நம்பவில்லை, மணியையும் நம்பவில்லை. அவர் கோபிக்கவில்லை, அதுதான் கெடுதி. மிகவும் இரக்கமாகச் சொன்னார்:

“ஆசையெண்டா கேட்டிருக்கலாமே பிள்ளை. சும்மாவே தந்திருப்பம். பொய் என்னத்துக்கு?”

சாப்பாடு வராததால் தேடிக்கொண்டு வந்த அப்பா வாசலில் நின்று இதைக் கேட்டார். ஓம், அவருடைய சாப்பாட்டுப் பொதியை நான் அந்த இரும்புக் குற்றியடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அதையும் மான் தின்றிருக்கும்.

அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். மான் கடதாசி தின்னும் என்றாவது அவர் பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“எழும்பு” என்றார். “பொய் சொன்னனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லு.”

எழும்பினேன். கையில் சோறு. எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். பொய் சொன்னனான், மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சொன்னேன். அந்த விடுமுறை முழுவதும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

இப்போது என் வயதில் இருந்து பார்த்தால் அப்பாவின் கணக்கு விளங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்கள் தன் பிள்ளை அவர்களுடைய சாமானுக்கு ஏங்குகிறாள் என்று நினைத்துவிட்டுப் போகக்கூடாது. அதை அழிக்க அவருக்குக் கையில் கிடைத்தது என் வாய்தான். மானமுள்ள மனிதர். ஆனால் தன் மானத்தைக் காப்பாற்ற என்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டார். விளங்குகிறது என்று சொன்னேன், ஆறிவிட்டது என்று சொல்லவில்லை.

பொய் என்று ஒப்புக்கொண்டவளுக்காக ஒருவரும் புதுப் பற்றரி வாங்கவில்லை. அவர்கள் போனார்கள், கேம் பெட்டியும் போனது. சொல் மட்டும் நின்றது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மணிப் புளுகு என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்குள் இன்னொன்றும் நின்றது. கடைசிக் கட்டத்துக்குப் போவதற்குத் திரையில் ஆறு படங்களை வரிசையாக வைக்க வேண்டும். விளையாட்டை நிறுத்தினால் அதே இடத்திலிருந்து தொடர அதுதான் வழி. புகைக்குண்டு மிச்சமில்லை என்பதும் அந்தப் படங்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. மீன், திறப்பு, நிலா, நிலா, தோணி, பூனை. தேவாரத்தை மறந்தாலும் அதை நான் மறக்கவில்லை. பல் பிடுங்கும்போது வாயைத் திறந்துகொண்டு மனதுக்குள் அதைத்தான் சொன்னேன்.

போன மாதம் கனடா அண்ணா வந்தார். தலை முன்பக்கம் நன்றாக வெளித்துவிட்டது. கூடவே பன்னிரண்டு வயது மகள். பிள்ளை வந்ததும் வராததுமாய் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, தகப்பனைப் போலவே தடுமாறுகிற தமிழில் கேட்டாள்:

“நீங்கள்தானா மணிப் புளுகு மாமி?”

குழந்தை, அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அது என் பெயர் என்றே நினைத்திருக்கிறாள். எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. கல்யாணத்தில் பொறுத்தேன், ஆனால் இன்னொரு தலைமுறை இதைச் சொல்லிக்கொண்டு வளரப் போகிறதா?

பிள்ளையின் தோள்பைக்குள் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. பெரியம்மா வீட்டு நிலவறையைத் துப்புரவாக்கும்போது அகப்பட்டதாம். அவள் பெரிய ஆராய்ச்சிக்காரி. இந்தக் கள்ளன் வரிசை முழுவதையும் விளையாடுகிறவர்கள் இணையத்தில் எழுதியதை எல்லாம் வாசித்திருக்கிறாள். மற்றவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதியிருக்கிறார்களாம், இதைப் பற்றி நாலு வரி, கடைசிக் கட்டத்துக்குப் புகைக்குண்டு சேர்த்துக்கொண்டு போகாவிட்டால் ஏலாது என்று. முடிவில் என்ன வருகிறதென்று ஒருவரும் எழுதவில்லையாம். அண்ணா, அதைத்தானே நானும் சொன்னனான் என்பதுபோலத் தலையாட்டினார்.

“அதைத் தாங்கோ” என்றேன்.

அடுத்த நாள் பதினொரு மணி வெயில். உள்ளே வெளிச்சமில்லாத அதே திரை, ஆகையால் முற்றத்துக்குத்தான் போக வேண்டும். முழுக் குடும்பமும் வெயிலில் வந்து நின்றது. அம்மா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை. மூதூருக்குப் பாலங்கள் வந்து லோஞ்சுக்கு வேலையில்லாமல் போன நாளிலிருந்து அவர் நடப்பது குறைவு. தம்பி கதிரையைத் தூக்கி வந்து போட்டு அவரை இருத்தினான். பிள்ளை புதுப் பற்றரி போட்டுத் தந்தாள், இந்த முறை அந்தச் சாட்டு இல்லை. கண்ணாடியைப் போட்டேன். கிட்டப் பிடித்தால் திரை மங்கியது, எட்டப் பிடித்தால் கள்ளனைக் காணவில்லை. நடுவில் ஓரிடம் கண்டுபிடித்தேன்.

மீன், திறப்பு, நிலா, நிலா, தோணி, பூனை.

துறைமுகம் வந்தது. அண்ணா கிட்ட வந்து நின்றார். முதல் முறை விளக்கு விழுந்ததும் என் விரல் தானாகப் பொத்தானை அழுத்தி, மணி படபடவென்று அடித்தது. தம்பி சிரித்தான். சிரிக்கட்டும். இத்தனை வருடத்தில் என் விரலுக்கும் ஓடிப் பழகிவிட்டது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சந்தியில் இப்போது சென்றி இல்லை, பழச்சாறு விற்கிறார்கள், நாமெல்லாம் பஸ்ஸுக்கு ஓடுகிறோம். கையை உதறிவிட்டுத் திரும்பத் தொடங்கினேன்.

பாதிப் பாலம். கால் தேய்க்கிற சத்தம். விளக்கு விழுந்தது, கண் பாதி திறந்தது.

“ஓடுங்கோ மாமி” என்றாள் பிள்ளை.

இரண்டு பெருவிரல்களையும் பெட்டியிலிருந்து எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேலே தூக்கிப் பிடித்தேன். பலகைச் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று. காவல்காரன் வந்து நின்றான். முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. அம்மா, தம்பி, கதிரையில் அப்பா, எல்லோரும் அப்படியே உறைந்துபோனார்கள், அந்த விளக்கு தங்களில் விழுந்ததுபோல. எங்கள் வீட்டில் எவருக்கும் அது மறக்கவில்லை. காவல்காரன் காலைத் தேய்த்துத் திரும்பிப் போனான். கண் மூடியது.

அண்ணாவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சந்தியில் துவக்குக்கு முன்னால் நின்ற அந்தப் பதினாறு வயது முகம் ஒரு கணம் வந்து போனது. தனக்குள் மெதுவாகச் சொன்னார்: “நிண்டிருக்கலாம். சும்மா நிண்டிருக்கலாம்.”

பிறகு நடந்தேன், நின்றேன், நடந்தேன். கப்பல், பெட்டி, தோணி, திரை நிறையக் கடல். பெட்டியை எட்டப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். கள்ளன் மூடியைத் திறந்தான்.

பிள்ளைதான் முதலில் சொன்னாள். “மணி.” பிறகு தகப்பனைத் திரும்பிப் பார்த்து, “அப்பா, உண்மையா மணிதான்” என்றாள்.

கள்ளன் அதைத் தூக்கி ஆட்டினான். டாங். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு வயதில் இரண்டாவது சத்தம் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. இப்போது இரண்டும் வந்தது, மூன்றும் வந்தது, நான் நினைத்ததைவிட நிறையத்தரம் அடித்தது. நான் சொன்னது உண்மை, சொன்ன நாளிலும் அது உண்மை என்று அந்தச் சின்னப் பெட்டி முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டேயிருந்தது. அம்மா துவாயால் முகத்தைத் துடைத்தார். அண்ணா என் கையிலிருந்த பெட்டியை வாங்கவில்லை. என் விரல்களை அதன் மேல் மடக்கி வைத்து, இது உன்னுடையது, அன்றைக்கே உன்னுடையது என்றார்.

கதிரை கிறீச்சிட்டது. அப்பா எழும்பிக்கொண்டிருந்தார். ஒரு கையைக் கதிரைப் பிடியில் ஊன்றி, மற்றக் கையால் தம்பியைப் பிடித்து, வலிக்கிற முழங்காலை நிமிர்த்தி நேராக நின்றார். தம்பியின் கையை விட்டார். எல்லோருடைய முகத்தையும் பார்த்தார்.

“என்ரை பிள்ளை பொய் சொல்லேல்லை” என்றார். “நான்தான் பொய் சொல்ல வைச்சனான். மன்னிச்சுக்கொள்ளு மகள்.”

அவருக்கு முழங்கால் நோகும் என்று எனக்குத் தெரியும். கதிரையில் இருங்கோ என்று நான் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டிக்குள் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அது அடித்து முடியும்வரை அவரும் நின்றார், நானும் நின்றேன்.

முடிந்த பிறகுதான் சொன்னேன்.

“இப்ப இருங்கோ அப்பா.”